"ஐடிஐ சேரட்டுமா அண்ணா?": ரீபோர் பட்டறையும் மெஷினிஸ்ட் படிப்பும்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் வேலை, இன்டர்வியூ, சம்பளம், கம்பெனி மாறுறது, இதெல்லாம்தான் பேசுவோம். இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். விஷயமும் கொஞ்சம் வேற.

போன மே மாசம், பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் கோயம்புத்தூர்ல இருந்து எங்க சித்தி போன் பண்ணாங்க. "கண்ணு, இவன் ஐடிஐ சேரணும்ங்கறான். மெஷினிஸ்டாம். நீ சொன்னா கேப்பான். ப்ளஸ் ஒன் சேரச் சொல்லு. அப்பறம் உன்ன மாதிரி இன்ஜினியரிங் படிக்கட்டும்."

நான் உடனே சரின்னு சொல்லல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு சொந்தக்காரப் பையன் என்கிட்ட கேட்டான். அவனுக்கு மெஷின் வேலைன்னா உயிர். டிப்ளமோ போறேன்னு சொன்னான். நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், வாயில அட்வைஸ் தானா வரும். "டிகிரி இல்லாம கஷ்டம்டா, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திரு"ன்னு சொல்லிட்டேன். சேர்ந்தான். நாலு வருஷம் முடியும்போது ஒன்பது அரியர். கூடவே கல்விக் கடன். இப்ப பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றான். அந்த வேலையில தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அவன் கேட்டது அது இல்லையே. நான் யோசிக்காம சொன்ன ஒரு வார்த்தைக்கு அவன் வீடு இன்னும் வட்டி கட்டுது.

அதனால இந்தத் தடவை சித்திகிட்ட, "ரெண்டு வாரம் டைம் குடுங்க சித்தி, பாத்துட்டு சொல்றேன்"னேன். சனிக்கிழமை சனிக்கிழமை தம்பியைக் கூட்டிட்டு மாமா பட்டறைக்குப் போனேன்.

மாமா பட்டறை

மாமான்னா எங்க அம்மாவோட, சித்தியோட அண்ணன். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை வச்சிருக்கார். மெயின் வேலை இன்ஜின் ரீபோர். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், போர்வெல் வண்டின்னு எந்த இன்ஜின் தேஞ்சாலும் பிரிச்சு, பிளாக்கையும் கிராங்கையும் இங்க கொண்டுவந்து இறக்கிருவாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுற உருளைதான் சிலிண்டர் போர். ஓடி ஓடி அது ஒரே மாதிரி தேயாது. மேல் பக்கம் அதிகமாவும் கீழ கம்மியாவும் தேயும். வட்டமும் லேசா முட்டை வடிவத்துக்குப் போயிரும். அப்ப இன்ஜின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இழுவை குறையும். மெஷினிஸ்ட் அந்தப் போரை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு திசையில, டயல் கேஜ் விட்டு அளப்பார். அப்புறம் போர் பண்ணி கொஞ்சம் பெருசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீட்டர்னு படிப்படியா ஓவர்சைஸ் கிடைக்கும். லைனர் இருக்கிற இன்ஜின்னா லைனரையே மாத்திருவாங்க.

தம்பி அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டான். "பிஸ்டன் டப்பாவுலயே 0.50னு போட்டிருக்கே மாமா, அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணிர வேண்டியதுதானே?" மாமா சிரிச்சிட்டு மைக்ரோமீட்டரை எடுத்து பிஸ்டனை அளந்து காட்டினார். "டப்பாவை நம்பாத. கையில இருக்கற பிஸ்டனை அள. அதுக்கு எவ்வளவு இடைவெளி வேணுமோ அதைக் கூட்டு. அதுதான் உன் போர் சைஸ்." முழு சைஸையும் போரிங் மெஷின்லயே எடுக்க மாட்டாங்க. கடைசியில சுமார் 0.05 மில்லிமீட்டர் மட்டும் விட்டுவச்சு, அதை ஹோனிங் கல்லால எடுப்பாங்க. அந்தக் கல் குறுக்கும் நெடுக்குமா மெல்லிசாக் கோடு போடும். ஆயில் அந்தக் கோட்டுலதான் தங்கும். கண்ணாடி மாதிரி வழவழன்னு விட்டா ஆயில் நிக்காது, ரிங்கும் சரியா உக்காராது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். இது எல்லாம் புத்தகத்துல படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா எனக்கு இந்த வேலை தெரியுமான்னா தெரியாது. அது எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு சொல்றேன்.

நான் எழுதின 47.43

காலேஜ் கடைசி வருஷம். லீவுக்கு மாமா பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு லோடு டெம்போவோட கிராங்க் ஷாஃப்ட் வந்திருந்துச்சு. மாமா வெளிய போயிருந்தார். "அளந்து ஜாப் கார்டுல எழுதி வை"ன்னு சொல்லியிருந்தார். நான் கெத்தா மைக்ரோமீட்டரை எடுத்து கிராங்க் பின்னை அளந்தேன். புதுசுல அந்தப் பின் 48.00 மில்லிமீட்டர். நான் 47.43னு எழுதினேன்.

கிராங்கையும் போர் மாதிரியேதான் சரி பண்ணுவாங்க, ஆனா தலைகீழா. தேஞ்ச பின்னை கிரைண்ட் பண்ணி ஒரு படி சின்னதாக்கிட்டு, அதுக்கேத்த தடிமனான பேரிங் ஷெல் போடுவாங்க. முதல் படி 47.75, அடுத்தது 47.50, அதுக்கடுத்தது 47.25. என் கணக்குப்படி அந்தக் கிராங்கை 47.25 வரைக்கும் கிரைண்ட் பண்ணியாகணும்.

பட்டறையில ஒரு சீனியர் டர்னர் இருந்தார். ஐடிஐ படிச்சவர், அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவர் கார்டைப் பாத்தார். மெஷின் பக்கமே போகல. கிராங்க் கூட வந்த பழைய ஷெல்லை எடுத்துத் திருப்பிப் பாத்தார். முதுகுல ஸ்டாண்டர்டுன்னு முத்திரை இருந்துச்சு. "தம்பி, இந்தக் கிராங்க் இன்னும் ஒரு தடவைகூட கிரைண்டே ஆகல. அரை மில்லி தேயற வரைக்கும் இந்த ஷெல்லைப் போட்டுட்டு வண்டி ஓடியிருக்குமா?"ன்னு கேட்டுட்டு திரும்ப அளந்தார். 47.93.

மைக்ரோமீட்டர் பிடிச்சவங்களுக்கு நான் என்ன பண்ணேன்னு புரிஞ்சிருக்கும். ஸ்லீவ்ல அரை மில்லிமீட்டர் கோடு ஒண்ணு வெளிய வந்திருக்கும். அதைப் பாக்காம விட்டுட்டேன். காலேஜ் லேப்ல பத்துப் பேருக்கு ஒரு மைக்ரோமீட்டர். நான் அதை மொத்தம் ரெண்டு தடவை தொட்டிருப்பேன். ரெக்கார்டு நோட்டுல ரீடிங் எல்லாருக்கும் ஒண்ணுதான், பாத்து எழுதினது.

அவர் பாக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? 47.75ல முடிய வேண்டிய வேலை 47.25ல போய் நின்னிருக்கும். அந்தக் கிராங்குக்கு இன்னும் ரெண்டு ஆயுசு பாக்கி இருந்துச்சு. டெம்போ ஓட்டுறவர் காசு, அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். நாங்க கோடுல தப்புப் பண்ணா கண்ட்ரோல் இசட் இருக்கு, பழைய வெர்ஷனுக்குப் போயிரலாம். வெட்டின இரும்பை ஒட்ட வைக்க முடியாது.

ஐடிஐ முடிச்சவர் ஒருத்தர், இன்ஜினியரிங் கடைசி வருஷப் பையனோட தப்பை ஒரு ஷெல்லைத் திருப்பிப் பாத்தே கண்டுபிடிச்சார். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பையனுக்கு அட்வைஸ் பண்ணும்போதும் சொல்லல.

எந்த டிரேட்?

சரி, இப்ப படிப்புக்கு வருவோம். இதுல நிறைய பேர் குழம்பறாங்க, நானும் குழம்பினேன்.

"இன்ஜின் மெஷினிஸ்ட்"னு தனியா ஒரு டிரேட்ல சேர்ந்து படிச்சுட்டு ரீபோர் பட்டறைக்கு வந்தவங்க யாரையும் நான் பாத்ததில்ல. ஐடிஐயில மெஷினிஸ்ட் இருக்கு, டர்னர் இருக்கு, மோட்டார் வாகன மெக்கானிக் இருக்கு. மூணுமே ரெண்டு வருஷம், பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். டர்னர்னா லேத்துதான் உலகம். கடைசல், போரிங், டேப்பர், மரை வெட்டறது. மெஷினிஸ்ட்னா மில்லிங், கிரைண்டிங் அதிகம். ரெண்டுலயும் சிஎன்சி உண்டு. மோட்டார் மெக்கானிக்ல இன்ஜினைப் பிரிச்சு, போர் தேய்மானத்தையும் கிராங்கையும் அளக்கச் சொல்லிக் குடுப்பாங்க.

ஆக, மெஷினிஸ்ட் படிச்சவனுக்கு மெஷின் தெரியும், இன்ஜின் தெரியாது. மெக்கானிக் படிச்சவனுக்கு இன்ஜின் தெரியும், மெஷின் தெரியாது. ரீபோர் மெஷினிஸ்ட் இது ரெண்டுக்கும் நடுவுல நிக்கற ஆள். பாதியை ஐடிஐயில கத்துக்கணும், மீதியைப் பட்டறையிலதான் கத்துக்கணும்.

எந்தப் பாதியை முதல்ல? மாமாகிட்ட கேட்டேன். "மெஷினைப் படிச்சுட்டு வரட்டும். இன்ஜினை நான் சொல்லித் தர்றேன்"னார். அதுல ஒரு கணக்கு இருக்கு. புது கார் இன்ஜின் பலதுல இப்பல்லாம் அலுமினிய பிளாக், போர் சுவர்ல மெல்லிசா ஒரு கோட்டிங். பழைய மாதிரி போர் பண்ணி ஓவர்சைஸ் போட முடியாது. பிளாக்கோட மாத்திடறாங்க. எலெக்ட்ரிக் வண்டியில போரே கிடையாது. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாம் இன்னும் பல வருஷம் வரும், ஆனா அதை மட்டும் நம்பி பதினஞ்சு வயசுப் பையனை இறக்க முடியாது. மெஷினிஸ்ட்டோ டர்னரோ படிச்சா பம்பு, டெக்ஸ்டைல் மெஷின், டை வேலைன்னு எங்க வேணா போகலாம். கோயம்புத்தூர்ல இதுக்கெல்லாம் பஞ்சமில்ல.

தம்பிக்கு சிஎன்சியில ஒரு ஆசை இருந்துச்சு. எனக்கு அது புரியும், ஏன்னா ஜி-கோடும் ஒரு புரோகிராம்தான். ஆனா எங்க வேலைக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. சில கண்ட்ரோலர்கள்ல 50ன்னு எழுதிட்டு தசமப் புள்ளி வைக்க மறந்தா, அது 50 மைக்ரான்னு எடுத்துக்கும், அதாவது 0.05 மில்லிமீட்டர். எங்களுக்கு ஒரு புள்ளி விட்டுப்போனா ஸ்கிரீன்ல எரர் வரும். அங்க டூல் போய் ஜாப்ல முட்டும்.

ஐடிஐக்கு அப்புறம்?

சித்தியோட முதல் பயம் இதுதான்: "ஐடிஐயோட படிப்பு நின்னுபோயிரும்." நிக்காது.

பத்தாவதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா, பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் சேரலாம். இன்ஜினியரிங் கதவு மூடல, கொஞ்சம் சுத்து வழி, அவ்வளவுதான். ஆனா அந்த வழியில வர்ற பையன், மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிஞ்சவனா வருவான்.

வேலைக்குப் போறதுன்னா, முதல்ல அப்ரண்டிஸ் போறதுதான் நல்லது. 1961ல வந்த அப்ரண்டிஸ் சட்டப்படி பெரிய கம்பெனிகள் பயிற்சியாளர்களை எடுத்தே ஆகணும், ஸ்டைபண்டும் தரணும். ரயில்வேயிலயும் எடுக்கறாங்க. பெரம்பூர் ஐசிஎஃப்ல மெஷினிஸ்ட்டுக்கு இடம் உண்டு. வாத்தியார் ஆகணும்னா ஒரு வருஷப் பயிற்றுநர் படிப்பு இருக்கு. சென்னை கிண்டியில அதுக்கு மத்திய அரசு நிறுவனமே இருக்கு.

செலவு? அரசு ஐடிஐயில டியூஷன் ஃபீஸ் கிடையாது. மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், ரெண்டுலயும் மாசம் 1000 ரூபா. ஐடிஐ படிக்கறவங்களும் அதுல வருவாங்க. இந்த எபிசோட கேக்கற தங்கச்சிகளுக்கும் சொல்றேன், இது பசங்க படிப்புன்னு யாரும் எழுதி வைக்கல. இன்னொண்ணு, தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸ் கூட சேர்ந்து புது மெஷின்கள் போட்டுத் தரம் உயர்த்தியிருக்காங்க. நீங்க சேரப் போற ஐடிஐ அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க.

ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்க. நான் தம்பியோட ரெண்டு இடத்துக்குப் போனேன். மூணு கேள்வி கேட்டோம். எத்தனை லேத் இன்னைக்கு ஓடுது? ஒரு மெஷினுக்கு எத்தனை பசங்க? மைக்ரோமீட்டர் ஆளுக்கு ஒண்ணு கைக்கு வருமா? ஒரு இடத்துல பாதி மெஷின் மேல துணி மூடியிருந்துச்சு. இன்னொரு இடத்துல வாத்தியார் பேசிட்டே கையைத் துடைச்சார், கையெல்லாம் ஆயில். ரெண்டாவது இடம்தான்னு தம்பியே சொல்லிட்டான்.

சித்தி சொன்னது

இதையெல்லாம் எழுதி எடுத்துட்டு சித்தி வீட்டுக்குப் போனேன். பொறுமையாக் கேட்டாங்க. கடைசியில ஒண்ணு சொன்னாங்க.

"எங்க அண்ணன் கையைப் பாத்திருக்கியா நீ?"

மாமாவுக்கு இடது கை ஆள்காட்டி விரல்ல நுனி இல்ல. நான் சின்ன வயசுல இருந்து பாத்தது, அதனால கேட்டதே இல்ல. பதினாலு வயசுல வேற ஒருத்தர் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். யாரும் எதுவும் சொல்லித் தரல, பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கிட்டார். குளிருக்குக் கையுறை போட்டுட்டு ஓடுற லேத்துகிட்டப் போயிருக்கார். கையுறை பாதுகாப்புன்னு நாம நினைப்போம். சுத்துற மெஷின்ல அது நேர்மாறு, துணி மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துரும். அன்னைக்கு ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தவரைப் பாத்தது, அப்ப ஸ்கூல் போயிட்டிருந்த எங்க சித்தி.

எனக்குப் பதில் வரல. நான் கொண்டுபோன பேப்பர்ல இதுக்குப் பதில் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாமாவே சித்தி வீட்டுக்கு வந்தார். "எனக்கு யாராச்சும் முதல் நாளே கையுறையைக் கழட்டுடான்னு சொல்லியிருந்தா இந்த விரல் இருந்திருக்கும். அதுக்குத்தான் படிக்கச் சொல்றேன். ஐடிஐ முடிக்காம என் பட்டறைக்கு வந்தா உள்ளயே விட மாட்டேன்"னார். அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு இன்னொண்ணும் சொன்னார். "எனக்கு டிராயிங் படிக்கத் தெரியாது. யாராச்சும் படிச்சுச் சொன்னாத்தான் வேலை. முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்." அது எனக்கும் புதுசு, சித்திக்கும் புதுசு.

ஊர்ல என்ன சொல்லுவாங்க, நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களாங்கற பேச்சும் வந்துச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அந்தப் பயம் பொய் இல்ல. ஆரம்பச் சம்பளமும் கம்மிதான். சின்னப் பட்டறைகள் நிறைய இடத்துல பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. நாள் முழுக்க நின்னுட்டே வேலை. இதை மறைச்சுட்டு "கைத்தொழில் கத்துக்கோ"ன்னு ஏசி ரூம்ல உக்காந்துட்டு நான் பேசினா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி பண்ண தப்பையே திரும்பப் பண்றேன்னு அர்த்தம். அதனால தம்பிகிட்ட இதையும் சேர்த்துத்தான் சொன்னேன். "தெரியும்ணா, மாமா பட்டறையில பாத்துட்டுத்தானே இருக்கேன்"னான்.

சித்தி சரின்னு வாயால சொல்லல. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப என்ன பண்றான்?

மெஷினிஸ்ட் டிரேட்ல சேர்ந்துட்டான். ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணான். "அண்ணா, மெஷினையே தொட விடல. தினமும் அரம் வச்சு ராவிட்டே இருக்கோம். கையெல்லாம் கொப்புளம்." அங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. ஒரு இரும்புத் துண்டைக் கையாலயே ராவி, பக்கம் எல்லாம் சமமா, மூலை எல்லாம் நேரா கொண்டு வரணும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அந்தத் துண்டைக் காட்டினான். மேல மூலமட்டத்தை வச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சான். இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா அந்த இடம் பள்ளம்னு அர்த்தம். மூணு பக்கம் தெரியல. நாலாவது பக்கம் ஒரு ஓரத்துல மெல்லிசாத் தெரிஞ்சுது. "இது இன்னும் கொஞ்சம் வேலை இருக்குண்ணா"ன்னு அவனே சொன்னான்.

சித்தி அதை வாங்கி டிவி மேல வச்சாங்க. வந்தவங்க ஒருத்தர் "இது என்னங்க?"ன்னு கேட்டதுக்கு, "பையன் பண்ணது"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த டெலிவரி தம்பிகிட்டயும் பேசினேன். முதல்ல மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா, நானும்தானே படிக்கல"ன்னான். மாமா பட்டறையில ஆள் தேவைன்னு சொன்னேன். வாரத்துல ரெண்டு நாள் வந்து பாக்கறேன்னிருக்கான். ரெண்டு தடவை வந்திருக்கான். என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.

உங்க வீட்லயும் பத்தாவது முடிச்ச பையனோ பொண்ணோ இப்படிக் கேட்டா, சேரு, சேராதன்னு போன்லயே முடிச்சுராதீங்க. ஒரு சனிக்கிழமை ஒதுக்கி ஒரு பட்டறைக்கும் ஒரு ஐடிஐக்கும் கூட்டிட்டுப் போங்க. கூட நீங்களும் போங்க. நீங்களே இந்த லைன்ல இருக்கறவங்கன்னா, உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல வாசிக்கறேன். அடுத்த வாரம் வழக்கம்போல கெஸ்ட்டோட வர்றேன்.